கைப்பிடியில் சுற்றிய பட்டி

தம்பி, நீ அனுப்பிய போட்டோ செவ்வாய்க்கிழமை கிடைத்தது. சந்திக் கடையில் தபாலை வாங்கிய கையோடு உன் அம்மா வீட்டுக்கு வரவில்லை. லயத்து வீட்டு வரிசையில் முதல் காம்பராவில் தொடங்கிக் கடைசிக் காம்பரா வரைக்கும் காட்டி முடித்துவிட்டுத்தான் வந்தாள். "எம் மகன் மெஷின்காரனாயிட்டான், பாருங்க" என்று அவள் சொன்ன சத்தம் பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. உன் மீசையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், அதை மீசை என்று சொல்ல இன்னும் ஆறு மாதம் போக வேண்டும். சட்டை நன்றாக இருக்கிறது. பின்னால் ஆறு தெரிகிறது. கெஸ்ட் ஹவுஸின் புல்தரை அந்த ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குவதும் தெரிகிறது. புல் வெட்டும் மெஷினின் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, துரை வீட்டுப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அந்தப் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. மெஷினை நிறுத்திவிட்டு, எங்காவது உட்கார்ந்து படி.

அன்று சாயந்திரம் அம்மாவின் தம்பி, உன் செல்வராசு மாமா, ரப்பர் ஸ்டோரில் சீட்டுக்குப் புகை போடும் புகைக்கூட்டு வேலையை முடித்துவிட்டு வழக்கம்போல் நம் வீட்டுக்கு வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். ரப்பர் பொய்க்காலை நீட்டி உட்கார்ந்தார். அம்மா பெருமையோடு போட்டோவைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். மாமா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உன் மீசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா உள்ளே போய்விட்டாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "கைப்பிடிய பாத்தீங்களா மச்சான்?" என்றார். நான் பார்த்திருந்தேன். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதைப் பார்த்திருந்தேன். ஆனால் அவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த விஷயத்தை அவரும் நானும் பதினைந்து வருஷமாக ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவருக்கு அது தெரியாது என்றே நான் என்னை நம்ப வைத்திருந்தேன்.

கைப்பிடியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். விரல் அகலத்தில், தேன் நிறத்தில், இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட ரப்பர் பட்டி. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் கையில் வேறு என்ன இருக்கும்? புகை போட்ட ரப்பர் சீட்டின் ஓரத்தைக் கத்தியால் கீறி எடுத்தால் ஒரு பட்டி. விறகுக் கட்டுக்கும் அதுதான், சோற்று டப்பாவுக்கும் அதுதான், கம்பி உடைந்த குடைக்கும் அதுதான். ஸ்டோர் சீட்டில் கை வைக்கக் கூடாது என்று கணக்கப்பிள்ளை கத்துவார்; அவருடைய டார்ச் லைட்டே அந்தப் பட்டியால் கட்டித்தான் இருக்கும். நமக்கு எது கழன்றாலும், எது நிற்காமல் அசைந்தாலும், கை தானாகப் பட்டியைத் தேடும். உன் மெஷினில் இருக்கும் பட்டி எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். நீ கித்துல்கலைக் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் புறப்பட்ட அன்று ஜிப் பிய்ந்த உன் பையின் வாயைக் கட்டிக் கொடுத்தவன் நான்தான்.

போட்டோவோடு வந்த கடிதத்தில், "கை வலிக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன் அப்பா" என்று எழுதியிருக்கிறாய். நீ கண்டுபிடிக்கவில்லை. நீ நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோதே உன் அப்பன் கண்டுபிடித்தது அது. கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு மெல்லிய கம்பி இருக்கிறதே, அதைப் பிடித்திருந்தால் மெஷின் ஓடும், விட்டால் நின்றுவிடும். ஒரு மணி நேரம் பிடித்தால் விரல் மரத்துப்போகும். ஒரு கல்லைத் தூக்கிப் போடக் கையை விட்டாலும் எஞ்சின் அணைந்துவிடும், திரும்பக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். ஈர நாளில் என்றால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்தக் கம்பியைச் செய்தவன் சோம்பேறிகளைப் பழிவாங்கச் செய்தான் என்றுதான் நானும் அன்று நினைத்தேன். மனிதன் விழுவான், வழுக்குவான், வேறு பக்கம் திரும்புவான், அந்த நேரம் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்திருக்கிறான் என்பது புரிய எனக்கு ஒரு கால் தேவைப்பட்டது. அதுவும் என் கால் அல்ல.

தோட்டம் கம்பெனி கைக்கு மாறிய புதிதில் வந்த துரைதான் அந்த மெஷினைக் கொண்டுவந்தார். அதுவரைக்கும் பங்களாப் புல்லை, மலையில் ரப்பர் பால் வெட்டி முடித்த பிறகு நாங்கள் மூன்று பேர் போய்க் கத்தியால் வெட்டுவோம். சிவப்பு நிறத்தில் லொறியில் வந்து இறங்கியது. தோட்டத்துக்கே பார்க்க வந்தார்கள். துரை இரண்டு தடவை ஓட்டிக் காட்டினார், மூன்றாவது தடவை என் கையில் கொடுத்தார். அதோடு கூட ஒரு சின்னப் புத்தகம் இருந்தது, எல்லாம் இங்கிலிஷ். அதைத் தமிழில் சொல்லித் தர ஆள் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவனுக்குப் பங்களாவில் வேலை, காக்கிக் கால்சட்டை, மெஷின்காரன் என்று பெயர். எனக்குத் தலை கால் தெரியவில்லை. வெட்டிய புல்லை வாரவும் கல் பொறுக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி, உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. எட்டியாந்தோட்டைப் பக்கம் பெண் பேசி வைத்திருந்தோம்.

முதல் சில மாதங்களில் அந்த மெஷின் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் காது கொடுக்கவில்லை. ஒரு நாள் பால் சிரட்டை தொங்கவிடும் கம்பித் துண்டு ஒன்று புல்லுக்குள் கிடந்தது. மெஷின் கத்தியை மூடிய தட்டில் பட்ட சத்தம்தான் கேட்டேன், கம்பியைக் காணோம். கடைசியில் தேடிப் பார்த்தால் பங்களாத் தூணில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் குத்தி நின்றது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் துரையின் சின்ன மகள் சாக்பீஸால் கோடு போட்டு விளையாடுவாள். அன்று அவள் இல்லை. நான் கம்பியைப் பிடுங்கித் தூரப் போட்டுவிட்டு, ஓட்டையில் மண்ணைப் பூசினேன். நீ இருக்கும் இடத்தில் ஆற்றில் படகு விட வருகிறவர்கள் பீர் மூடியும், முள்ளுக்கரண்டியும், என்னென்னவோ போட்டுவிட்டுப் போவார்கள். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் புல்தரை முழுவதையும் நடந்து பார். குனிந்து பார். பக்கத்தில் புல் வெளியே வரும் வாய்க்கு ஒரு மூடி இருக்கும். அதைத் தூக்கிக் கட்டி வைத்திருந்தால் இறக்கி விடு. பிள்ளைகள் யாராவது புல்லில் கால் வைத்தால் அந்த நிமிஷமே நிறுத்து. மெனேஜர் வந்து ஏன் நிறுத்தினாய் என்று கத்தினாலும் நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கட்டும்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். இதை எழுதும்போது பேனா நிற்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் பங்களாவுக்கு வருவதாக இருந்தது. நாலு நாள் விடாத மழை. சனிக்கிழமை காலையில் கொஞ்சம் வெளுத்தது. புல் கணுக்கால் உயரம், பிழிந்தால் தண்ணீர் வரும். காயட்டும், மத்தியானம் வெட்டுவோம் என்று மாமா சொன்னார். "வானத்த பாருங்க மச்சான், சாயந்திரம் வரைக்கும் தாங்கும். புல்லு காயட்டும்." துரை வாசலில் நின்று, மேசை விரிப்பு மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அதுதான் காதில் இருந்தது. ஈரப் புல் தட்டுக்கு அடியில் அப்பிக்கொண்டு எஞ்சின் மூச்சுத் திணறித் திணறி அணைந்தது. பத்துப் பதினைந்து தடவை கயிற்றை இழுத்திருப்பேன். கடைசியாக எஞ்சின் பிடித்தபோது, இனி அணையவே கூடாது என்று, சோற்று டப்பாவில் இருந்த பட்டியைக் கழற்றிக் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மாமா பார்த்தார். "வேணாம் மச்சான்" என்று ஒரு தடவை சொன்னார். நான் அவருக்கு மூத்தவன். புல் வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு, என் வேலையைச் செய்ய விடு என்று சொன்னேன்.

பங்களாப் புல்தரை மூன்று பக்கம் சமம், ஒரு பக்கம் ரப்பர் மலையை நோக்கிச் சரிவு. சரிவில் குறுக்காகத்தான் தள்ள வேண்டும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. மேலிருந்து கீழே விட்டால் மெஷின் உன்னை இழுத்துக்கொண்டு போகும், கீழிருந்து மேலே தள்ளினால் வழுக்கும்போது உன் மேலேயே வரும். இது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் குறுக்கே போனால் வரிசை கோணலாகத் தெரியும் என்று, பார்வைக்காக, அன்று மேலிருந்து கீழே விட்டேன். பாதியில் நின்று பார்த்தேன். புல் இன்னும் உயரமாக நின்றது. உயரம் குறைக்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், உன் மெஷினிலும் இருக்கும். அதைத் தொட எஞ்சினை நிறுத்த வேண்டும், கத்தி முழுக்க நிற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், பிளக் வயரைக் கழற்ற வேண்டும், சமதரைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் நாலில் ஒன்றையும் செய்யவில்லை. நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது என்ற ஒரே பயம். "செல்வா, முன்னுக்கு வா. சக்கரத்த ஒரு பல்லு எறக்கு, நா புடிச்சுக்கிறேன்" என்றேன். அவர் ரப்பர் செருப்போடு கீழ்ப்பக்கம் வந்து மெஷினுக்கு முன்னால் குந்தினார்.

என் காலில் அட்டை ஏறியிருந்தது. மழை நாளில் அட்டை ஏறுவது நமக்குப் புதிதா? ஆனால் அது கால்சட்டைக்குள் முழங்காலுக்கு மேல் போய்க் கடித்தது. எரிச்சலில் இரண்டு கையையும் விட்டுக் குனிந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தக் கம்பியைப் பட்டி கட்டியிருக்காவிட்டால், என் கை விட்ட அந்த நொடியே எஞ்சின் அணைந்திருக்கும், கனமான ஒரு தகரப் பெட்டி கொஞ்சம் உருண்டு மாமாவின் முழங்காலில் முட்டியிருக்கும், அவர் என்னைத் திட்டியிருப்பார். ஆனால் கத்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஈரப் புல்லில் மெஷின் சத்தமே மாறாமல் கீழே இறங்கியது. மாமா எழுந்திருக்கப் பார்த்து வழுக்கி உட்கார்ந்தார். பிறகுதான் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். இப்போது வேறு ஆள் புது மெஷினைத் தள்ளுகிறான்; வெள்ளிக்கிழமைகளில் பங்களாப் பக்கம் அது ஓடினால் நான் பீலிக்குக் குளிக்கப் போய்விடுவது ஏன் என்று அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காது, அதனால்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உன்னிடம் சொல்ல வந்தது. இதுவரை சொன்னது கவனக்குறைவு, இனிச் சொல்வது குற்றம். மெஷின் கீழே செம்பருத்தி வேலியில் போய் முட்டி ஓடிக்கொண்டே நின்றது. நான் முதலில் அதனிடம்தான் ஓடினேன். இடுப்பிலிருந்த மடக்குக் கத்தியால் பட்டியை அறுத்தேன், எஞ்சின் அணைந்தது. அது செய்ய வேண்டியது. அறுத்த கையோடு மாமாவிடம் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. என் கைச் சூட்டிலும் உரசலிலும் பட்டி இளகிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டினேன். ஒட்டியிருந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பங்களாவிலிருந்து ஆட்கள் வருவதற்குள் கைப்பிடி சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். முழுவதையும் உருட்டிப் பாக்கெட்டில் போட்டேன். அப்புறம்தான் திரும்பினேன். மாமா சத்தம் போடவில்லை. இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மயக்கத்தில் பார்க்கிறார், ஒன்றும் விளங்கியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைப் பதினைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன்.

துரை ஓடி வந்தார். "மொகத உனே?" என்று சிங்களத்தில் கேட்டார், என்ன நடந்தது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "மகே வெரத்த, மாத்தயா." என் பிழை, ஐயா என்று. நான் அவருடைய காலைச் சாக்கால் சுற்றிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. லொறியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். மறுநாள் கணக்கப்பிள்ளை கொப்பியோடு வந்து, "அவன் குடிச்சிருந்தானாய்யா?" என்று என்னிடம் கேட்டார். உன் மாமா வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி மெஷினைப் பற்றி வரும். மெஷின் போனால் பங்களா வேலை போகும், ஸ்டோர் பட்டியைத் திருடிக் கட்டியவன் என்று வந்தால் காம்பராவும் போகும், உன்னையும் அம்மாவையும் எங்கே கொண்டுபோவேன் என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது. நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் அதை ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு எழுத்து எவ்வளவு தூரம் போனது தெரியுமா? எட்டியாந்தோட்டைப் பெண் வீட்டார் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். காலுக்காக அல்ல, குடிக்காக. பிறகு யாரும் அவருக்குப் பெண் கொடுக்கவில்லை. பால் வெட்ட மலையேற முடியாதவர் என்று புகைக்கூட்டில் விறகு தள்ள வைத்தார்கள். வருஷக்கணக்காகப் புகைக்குள் உட்கார்ந்து கண் சிவந்து போய்விட்டது. அந்தச் சிவப்பையும் குடி என்றுதான் தோட்டம் சொல்கிறது. உனக்கு ஏழெட்டு வயது இருக்கும், ஒரு நாள் அவர் மடியில் உட்கார்ந்து, "குடிச்சா காலு போயிருமா மாமா?" என்று கேட்டாய். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆமா சாமி, அதனால நீ குடிக்காத" என்றார். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எழுந்து வெளியே போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தேன். அவர் கால் போன அடுத்த வெள்ளிக்கிழமையே அதே மெஷினைத் தள்ளியவன் நான், எனக்கு வெட்கம் எங்கே இருக்கும். கைப்பிடியில் நான் சுரண்டிய இடத்தில் வண்ணம் போயிருந்தது. அதைத் துரை விற்கும்வரை ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தின் மேல்தான் என் கை இருந்தது.

உன் போட்டோவில் இருப்பது அதே மெஷின் அல்ல. நன்றாகப் பார்த்துவிட்டேன். அது சிவப்பு, உன்னுடையது பச்சை. ஆனால் மெஷின் எதுவானால் என்ன, புல்தரை சரிவு, பட்டி நம்முடையது. கித்துல்கலை மழையைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டாம். உன் காலில் என்ன போட்டிருக்கிறாய் என்று பார்த்தேன், புல் மறைக்கிறது. செருப்பாக இருந்தால் நாளைக்கே சப்பாத்து வாங்கு. ஈரம் காயும் வரைக்கும் யார் வந்து நின்றாலும் கயிற்றை இழுக்காதே. மெஷினை உன் பக்கம் இழுத்துக்கொண்டு பின்னால் நடக்காதே. பின்னால் நடக்கிறவனுக்குப் பள்ளம் தெரியாது. அடியில் புல் அடைத்தால் கையை விடாதே, குச்சியால் எடு, அதுவும் பிளக் வயரைக் கழற்றிய பிறகு. எஞ்சின் நின்று சத்தம் ஓய்ந்தாலும் கத்தி இன்னும் கொஞ்சம் சுற்றும். அது நின்ற பிறகும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடு. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே. உயரத்தை நீயே மாற்று, வேறு ஒருவரையும் மெஷினுக்கு முன்னால் உட்கார வைக்காதே, உன்னை ஒருவன் உட்காரச் சொன்னாலும் உட்காராதே. பட்டி இல்லாமல் வேலை மெதுவாகத்தான் போகும். மெதுவாக வெட்டுகிறவன் வேண்டாம் என்று மெனேஜர் சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. இரண்டு காலோடு நடந்து வா. வேலை இல்லாத மகனுக்குச் சோறு போட எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாமா அந்த ஒரு கேள்வியைக் கேட்ட பிறகு அம்மா தேத்தண்ணியோடு வந்துவிட்டாள், பேச்சு நின்றுவிட்டது. புதன்கிழமை நான் புகைக்கூட்டுக்குப் போனேன். "செல்வா, அன்னைக்கு நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்று கேட்டேன். அவர் விறகைத் தள்ளிக்கொண்டே, "பாத்தேன் மச்சான். நீங்க நகத்தால சொரண்டுனத பாத்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்காவும் பிள்ளையும் நடுத்தெருவுல நிக்கணுமா?" என்றார். அப்புறம் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டு, கோபமில்லாத குரலில் இன்னொன்று சொன்னார். "காலு போனதுகூடப் பெருசில்ல மச்சான். மொதல்ல என்கிட்ட வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." புகையில் உட்கார்ந்திருந்தேன், கண் எரிந்தது புகையால் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். நேற்று முழுக்க உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதினேன். இன்று காலையில் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்தாள். திட்டவில்லை. உன் போட்டோவை எடுத்துப் பார்த்தாள், கைப்பிடியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இதுவரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

இதைத் தபாலில் போடப் பார்த்தேன். தபால் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் நீ எத்தனை தடவை அந்தச் சரிவில் இறங்குவாயோ. நானே வருகிறேன் என்று சொன்னேன். மாமா விடவில்லை. "நீங்க எழுதுங்க மச்சான், நா கொண்டு போறேன். நீங்க போனா அவன் பேச்ச கேப்பான். நா போனா கால பாப்பான்" என்றார். அதனால் இந்தக் கடிதத்தை உன் கையில் தருகிறவர் அவர்தான். நாளைக்குச் சனிக்கிழமை புறப்பட்டு, அவிசாவளையில் பஸ் மாறி, வழியில் ஆமிக்காரர்கள் செக்கிங்கில் இறக்கினால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறி, அந்தக் காலோடு வருவார். அவரை நிற்க வைக்காதே. உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. அவர் உனக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். குடித்துக் காலை இழந்தவர் என்று நீ இத்தனை நாள் நினைத்த மனிதர் அவர். படித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசு. என்ன பேசுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன். எனக்கே இன்னும் தெரியவில்லை.

பிறகு அவரை மெஷினிடம் கூட்டிக்கொண்டு போ. அவர் பார்க்க அந்தப் பட்டியை அறு. பாக்கெட்டில் போடாதே, குப்பையில் எறியாதே, அவர் கையில் கொடு. நான் அன்று அவரிடமிருந்து மறைத்ததை நீ இன்று அவரிடம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எஹலியகொட பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். மாமா இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. கையைத்தான் பார்ப்பேன்.

அப்பா